கன்சோல் முன் நின்ற அச்சுத் தொழிலாளி

அச்சின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். ஈய எழுத்து, அச்சுக்கோப்பு, மிதி இயந்திரம், சிலிண்டர் இயந்திரம், ஆஃப்செட் என்று படிப்படியாக வந்து, அங்கிருந்து ஒரே தாவலில் மேசைமேல் இருக்கும் கணினிக்கும் டி.டி.பி. கடைக்கும் போய்விடுகிறார்கள். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ தொடங்கி எழுதப்படும் நம்முடைய அச்சு வரலாறுகளுக்கும் இதுவே வழி. இந்தத் தாவலில் ஓர் அத்தியாயம் முழுதாக விடுபட்டுப் போகிறது. 1970-களின் நடுவிலிருந்து சுமார் 20 ஆண்டுகள், பெரிய நிறுவனங்களின் கணினி அறைகளில், நிமிடத்துக்கு 100 பக்கம், 200 பக்கம் என்று அச்சடித்துத் தள்ளிய லேசர் பிரிண்டர்கள் இருந்தன. வங்கிக் கணக்கு அறிக்கை, காப்பீட்டுப் பத்திரம், வரி நோட்டீஸ், சம்பளச் சீட்டு எல்லாம் அவற்றிலிருந்து வந்தன. புத்தகமே வாங்காத வீட்டுக்கும் வந்து சேர்ந்த அச்சுத்தாள்கள் அவை. அந்த இயந்திரத்தின் முன் ஒரு திரையும் விசைப்பலகையும் இருந்தன. அந்தத் திரையின் முன் ஒருவர் இருந்தார். அவருக்கு ‘ஆபரேட்டர்’ என்று பெயர். அச்சு வரலாறு அவரைக் கணினிக்காரர் என்று ஒதுக்கியது. கணினி வரலாறு அவரைத் தாள் அடுக்குகிறவர் என்று ஒதுக்கியது. அவர் செய்த வேலையை உள்ளே போய்ப் பார்த்தால், அச்சுக்கூடத்தின் பழைய வேலைகள் ஒன்றுவிடாமல் அவர் கையில் வேறு உருவத்தில் வந்து சேர்ந்திருப்பது தெரியும். அவர் அச்சுத் தொழிலாளி. அச்சு வரலாற்றில் அவருக்கு உரிய இடத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

அவருக்கு முந்தைய தலைமுறையிலிருந்து தொடங்குவோம். 1959-இல் ஐ.பி.எம். நிறுவனம் 1401 கணினியோடு 1403 என்ற லைன் பிரிண்டரை வெளியிட்டது. எழுத்துகள் பொறித்த ஒரு சங்கிலி தாளின் முன்னே கிடைமட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். வேண்டிய எழுத்து வேண்டிய இடத்துக்கு வரும்போது பின்னாலிருந்து ஒரு சுத்தியல் தாளைத் தட்டும். 48 எழுத்து வடிவங்கள் கொண்ட ஒரு தொகுதி, சங்கிலியில் ஐந்து முறை திரும்ப வந்தது. வரிக்கு 132 இடம், நிமிடத்துக்கு 600 வரி. பக்கத்தை எங்கே தொடங்குவது, எங்கே தாவுவது என்பதை ஒரு காகித நாடா தீர்மானித்தது. 12 தடங்களில் துளையிட்டு, முனைகளை ஒட்டி வளையமாக்கிய நாடா அது. வேலை மாறும்போது ஆபரேட்டர் அந்த வளையத்தைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். கட்டம் போட்டு முன்பே அச்சடித்துவந்த தொடர்தாளை மாற்ற வேண்டும். எண்கள் கட்டத்துக்குள் சரியாக விழும்படி தாளை நூலிழை நூலிழையாக நகர்த்த வேண்டும். நிரல் தேடச் சொன்ன தடத்தில் துளை இல்லாவிட்டால் இயந்திரம் அந்தத் துளையைத் தேடித் தாளை நிற்காமல் உமிழ்ந்துகொண்டே இருக்கும். இந்த வேலையில் கைத்திறன் வெளிப்படையாகத் தெரிந்தது. மை நாடாவின் கறை விரல்களில் ஒட்டியது. இதை அச்சுவேலை என்று சொன்னால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள்.

லேசர் வந்தபோது கறை போனது. நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டரில் ஜெராக்ஸ் நிறுவனத்தில் ஒளியியல் பொறியாளராக இருந்த கேரி ஸ்டார்க்வெதருக்கு 1967-இல் இந்த எண்ணம் பிறந்தது. நகலெடுக்கும் இயந்திரத்தில் மூலத்தாளின் பிம்பம் டிரம்மின் மேல் விழுகிறது. மூலத்தாளே இல்லாமல், லேசர்க் கதிரை அணைத்து ஏற்றி அந்தப் பிம்பத்தை டிரம்மின் மேல் நேரடியாக எழுதினால் என்ன என்று அவர் கேட்டார். வெப்ஸ்டரில் அதற்கு வரவேற்பு இல்லை. 1971-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஜெராக்ஸின் பார்க் ஆய்வகத்துக்கு மாறினார். அந்த ஆண்டுக்குள்ளேயே ஒரு ஜெராக்ஸ் 7000 நகல் இயந்திரத்தை மாற்றியமைத்து இயக்கிக் காட்டினார். பல முகங்கள் கொண்ட கண்ணாடி சுழன்றபடி லேசர்க் கதிரை டிரம்மின் குறுக்கே வரிவரியாக ஓட்டியது. கண்ணாடி முகங்களின் சாய்வில் மிகச் சிறிய பிசகு இருந்தாலும் வரிகள் ஒன்றோடொன்று இடிக்கும். அதற்காக முகங்களை மேலும் மேலும் துல்லியமாகச் செதுக்கப் பெருஞ்செலவு செய்வதற்குப் பதில், ஓர் உருளை வடிவ வில்லையை வழியில் வைத்துப் பிசகைச் சரிசெய்தது அவருடைய நுட்பம். விநாடிக்கு ஒரு பக்கம், அங்குலத்துக்கு 500 புள்ளி என்பது அந்த இயந்திரத்தின் அளவு.

லேசர் அச்சின் கதையைப் பெரும்பாலோர் இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள். கதிர், கண்ணாடி, டிரம், டோனர், சூட்டு உருளை என்று பொறியை விளக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் கதிருக்குப் புள்ளி வைக்க மட்டுமே தெரியும். எந்தப் புள்ளியை வைப்பது என்று தெரியாது. ஒரு சாதாரணக் கடிதத்தாளில், அங்குலத்துக்கு 500 புள்ளி என்ற கணக்கில், இரண்டு கோடிக்கும் மேற்பட்ட புள்ளி இடங்கள் இருக்கின்றன. ஒரே விநாடிக்குள் அத்தனை இடத்துக்கும் ‘ஏற்று’, ‘அணை’ என்று யாராவது சொல்ல வேண்டும். அன்றைய கணினி நினைவகத்தில் ஒரு பக்கத்தின் புள்ளிகளை முழுதாக வைத்துக்கொள்வதே பெரும்பாடு. அதனால் பார்க் ஆய்வகத்தின் பட்லர் லாம்ப்சனும் ரான் ரைடரும் எழுத்துருவாக்கி என்ற தனிச் சாதனம் ஒன்றை அமைத்தார்கள். எழுத்தின் பெயரையும் இடத்தையும் கொடுத்தால், கதிர் ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுத்து அது புள்ளிகளைப் பிறப்பித்துக் கொடுக்கும். ஈதர்நெட், ஆல்ட்டோ கணினி, எழுத்துருவாக்கி, ஸ்டார்க்வெதரின் லேசர்ப் பொறி ஆகிய நான்கும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு அவற்றின் முதலெழுத்துகளைக் கோத்து ‘இயர்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே செய்தி இருக்கிறது: ஒளி நான்கில் ஒரு பங்கு, மற்ற மூன்றும் சொல்லும் வேலைக்கானவை. லேசர் அச்சு, தொடக்கத்திலிருந்தே, பொறிக்குச் சொல்லும் கலையாக இருந்தது.

சந்தைக்கு இரண்டு வழிகளில் இது வந்தது. ஐ.பி.எம். 1975-இல் 3800 என்ற பிரிண்டரை அறிவித்தது. 1976-இல் மில்வாக்கியில் எஃப். டபிள்யூ. உல்வொர்த் நிறுவனத்தின் தரவு மையத்தில் முதல் இயந்திரம் நிறுவப்பட்டது. தொடர்தாளில் நிமிடத்துக்கு 200 பக்கத்துக்கு மேல் அச்சடித்த அந்த இயந்திரம், கணினியின் துணைக்கருவியாகவே வளர்ந்தது. கட்டம் போட்ட படிவத்தை முன்பே அச்சடித்து வாங்கும் செலவைக் குறைக்க, படிவத்தின் நெகட்டிவை உள்ளே வைத்து ஒவ்வொரு பக்கத்தின்மேலும் ஒளியால் பதிக்கும் வசதி அதில் இருந்தது. ஜெராக்ஸ் 1977-இல் வெளியிட்ட 9700 வேறு வழியில் வந்தது. நிமிடத்துக்கு 120 நகல் எடுக்கும் 9200 இயந்திரத்தின் உடம்பில், ஸ்டார்க்வெதர் வழிவந்த லேசர்த் தலையை வைத்து, அதன் பக்கத்திலேயே ஒரு டி.இ.சி. பி.டி.பி.-11 கணினியை முழுதாகப் பூட்டினார்கள். வட்டு, காந்த நாடா ஓட்டி, திரை, விசைப்பலகை எல்லாம் அதோடு வந்தன. வெட்டிய தாளில், இரு புறமும், அங்குலத்துக்கு 300 புள்ளி நுணுக்கத்தில், நிமிடத்துக்கு 120 பக்கம். முழுப்பக்கமாக அடித்தால் பழைய 1403 ஏறத்தாழ பத்துப் பக்கம் தரும் நேரம் அது. பெரிய கணினியோடு கேபிளால் இணைத்தும் ஓட்டலாம். இணைப்பே இல்லாமல், டேப்பைக் கொண்டுவந்து மாட்டியும் ஓட்டலாம். இரண்டாவது முறையில் அந்த அறை ஒரு தனி அச்சகமாகவே இயங்கியது. கைப்பிரதி வரவேண்டிய இடத்தில் டேப் ரீல் வந்தது.

அந்த அச்சகத்துக்குள் என்னென்ன இருந்தன என்று வரிசையாகப் பார்ப்பது என் வாதத்துக்கு மிகவும் தேவை. ஈய அச்சகத்தில் எழுத்துப் பெட்டி இருந்தது. இங்கே வட்டில் ஃபாண்ட் கோப்புகள் இருந்தன. எந்த வேலைக்கு எந்த எழுத்து ஏற்றப்பட வேண்டும் என்று சொல்லாவிட்டால், பெட்டி மாறி எடுத்த எழுத்தைப் போல, வேறு அளவிலோ வேறு தோற்றத்திலோ அச்சு விழும். ஈய அச்சகத்தில் பக்கங்களை இரும்புச் சட்டத்துக்குள் பூட்டிய ‘ஃபாரம்’ இருந்தது. இங்கேயும் ‘ஃபார்ம்’ என்ற அதே சொல்லே, கோடுகளும் கட்டங்களும் நிலையான வாசகங்களும் கொண்ட மின்வடிவப் படிவத்தைக் குறித்தது. அதை எழுத எஃப்.டி.எல். என்ற படிவ விளக்க மொழி இருந்தது. இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை கோடு, இந்த இடத்தில் இந்த வாசகம் என்று அதில் எழுதி, கன்சோலில் கட்டளையிட்டுத் தொகுத்தால், படிவம் வட்டில் ஏறிவிடும். ஒரு வேலைக்கு எந்தத் தாள், எந்தப் படிவம், எந்த ஃபாண்ட், ஒரு புறமா இரு புறமா, எத்தனை பிரதி, எந்தப் பிரதியில் மட்டும் என்ன மாற்றம் என்பதையெல்லாம் எழுதிவைக்க பி.டி.எல். என்ற அச்சு விளக்க மொழி இருந்தது. ஈய அச்சகத்தின் மேஸ்திரி வாய்மொழியாகச் சொல்லிக்கொடுத்த அத்தனை குறிப்புகளும் இந்தக் கோப்பில் எழுத்தாகின. இவற்றுக்கும் மேலாக, டேப்பில் வரும் தரவுக்கு நடுவிலேயே குறிப்பிட்ட முன்னெழுத்துத் தொடரோடு ஒரு வரி வந்து, ‘இனி இந்தப் படிவம், இனி இந்த ஃபாண்ட்’ என்று வழியிலேயே வேலையை மாற்றும் வசதியும் இருந்தது. டி.ஜே.டி.இ. என்று அழைக்கப்பட்ட அந்த வரி காகிதத்தில் ஒருபோதும் அச்சாகாது. அச்சை நடத்திவிட்டு மறைந்துவிடும்.

இனி ஆபரேட்டரின் வேலைக்கு வருவோம். டேப்பை மாட்டி, தட்டுகளில் தாளை நிரப்பி, வேலையின் பெயரோடு ‘ஸ்டார்ட்’ கட்டளையைத் தட்டுவார். பக்கங்கள் ஓடத் தொடங்கியதும் ‘சாம்பிள்’ என்று தட்டினால், ஓட்டத்தை நிறுத்தாமலே ஒரு மாதிரிப் பக்கம் தனித் தட்டில் வந்து விழும். மெய்ப்புத்தாள் என்று அச்சகத்தில் சொல்வது இதைத்தான். அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார்: தொகை தன் கட்டத்துக்குள் நிற்கிறதா, முன்புறமும் பின்புறமும் ஒரே ஆளுக்குரியவையா, டோனர் வெளிறுகிறதா, ஓரத்தில் கோடு விழுகிறதா. திரையில் எண்ணிட்ட செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். தாள் தீர்கிறது என்பதும் செய்திதான்; ஃபாண்ட் கோப்பு காணோம் என்பதும் செய்திதான்; டேப்பைப் படிக்க முடியவில்லை என்பதும் செய்திதான். எது தானாகச் சரியாகும், எதற்குக் கையை உள்ளே விட வேண்டும், எது வந்தால் வேலையையே நிறுத்தி அனுப்பியவரைக் கூப்பிட வேண்டும் என்று பிரித்தறிவது அவருடைய கல்வி. குறிப்பிட்ட பக்கங்களைத் தாண்டிப்போக ஒரு கட்டளை, டேப்பை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு கட்டளை, விட்ட இடத்திலிருந்து தொடர ‘கன்டின்யூ’, வேலையைக் கைவிட ‘அபார்ட்’. கட்டளைகள் கொஞ்சமே. எதை எப்போது தட்டுவது என்பதில்தான் தொழில் இருந்தது.

முதல் மறுப்பு இங்கேயே எழும். இதில் திறமை எங்கே இருக்கிறது, இயந்திரம் எல்லாவற்றையும் செய்கிறது, ஆபரேட்டர் பொத்தான் அழுத்துகிறார், அச்சுக்கோப்பவரின் விரல்நுனி அறிவோடு இதை ஒப்பிடுவது மிகை என்று சொல்லலாம். தாள் மாட்டிக்கொள்ளும் ஒரு நேரத்தை எடுத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்கிறேன். மணிக்கு 7,200 பக்கம் ஓடும் இயந்திரத்தில் ஒரு தாள் மடங்கி நிற்கிறது. அந்த நொடியில் சில தாள்கள் வழியில் இருக்கின்றன. சில வெளியே விழுந்துவிட்டன. சில இன்னும் தட்டை விட்டே கிளம்பவில்லை. வழியில் கெட்ட பக்கங்களை இயந்திரம் கணக்கு வைத்து மறுபடி அடிக்கும். ஆனால் வெளியே விழுந்த அடுக்கின் மேலிருக்கும் இரண்டு தாளில் டோனர் சரியாகப் பதியாமல் இருந்தால், அல்லது உள்ளேயிருந்து இழுத்தெடுத்த நல்ல தாளை ஒருவர் அடுக்கோடு சேர்த்துவிட்டால், இயந்திரத்துக்கு அது தெரியாது. ஒரு காப்பீட்டுப் பத்திரத்தின் மூன்றாம் பக்கம் இருமுறை வந்தாலும், வராமலே போனாலும், அதன்பின் வரும் ஒவ்வொரு உறையிலும் ஓர் ஆளின் தாள் இன்னோர் ஆளுக்குப் போகும். எத்தனை பக்கம் பின்னால் போய் மறுபடி தொடங்குவது, எந்தத் தாள்களைக் கிழித்துப்போடுவது, எண்ணிக்கை சரிதானா என்று எப்படிச் சோதிப்பது என்பதை அந்த அறையில் முடிவுசெய்ய ஒரே ஒருவர்தான் இருந்தார். காசோலை அச்சடிக்கும் வேலையாக இருந்தால் ஒவ்வொரு கெட்ட தாளுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். இது பொத்தான் வேலையென்றால், அச்சுக்கோப்பும் ஈயத்துண்டு அடுக்கும் வேலைதான்.

பழைய தொழிலின் அறிவு இந்தப் புதிய வேலைக்குள் அப்படியே குடியிருந்ததற்கு இன்னொரு சான்றும் உண்டு. காகித நாடா வளையத்தின் முதல் தடம் பக்கத்தின் தலையைக் குறித்தது. நிரலர்கள் ஒவ்வொரு வரியின் முதல் இடத்திலும் ஒரு குறி வைத்து இதை ஆண்டார்கள்: ‘1’ என்றால் புதுப் பக்கம், ‘0’ என்றால் ஒரு வரி விட்டு, ‘+’ என்றால் முந்தைய வரியின் மேலேயே மறுபடி. லேசர் பிரிண்டரில் நாடாவும் இல்லை, சங்கிலியும் இல்லை, சுத்தியலும் இல்லை. ஆனாலும் 9700-உம் 3800-உம் அந்த முதல் இடத்துக் குறியைப் படித்துத்தான் பக்கத்தைத் திருப்பின. ஏனென்றால் அவற்றுக்கு வந்த தரவு, பழைய லைன் பிரிண்டருக்காக எழுதிய நிரல்களிலிருந்து வந்தது. ஒரு நிறுவனம் பிரிண்டரை மாற்றிய அன்றே தன் நிரல்களையெல்லாம் மாற்றி எழுத முடியாது. ஒரு பக்கம் ஏன் வெறுமையாக வந்தது, ஒரு தலைப்பு ஏன் முந்தைய பக்கத்தின் அடியில் விழுந்தது என்று கண்டுபிடிக்க, இல்லாமல் போன அந்தக் காகித வளையம் எப்படி வேலை செய்தது என்று ஆபரேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தொழிலின் நினைவு தலைமுறை தாண்டி வருவது இப்படித்தான்.

ஆபரேட்டர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற சான்று இருக்கிறது. அதை வேறொரு காரணத்துக்காகவே எல்லோரும் சொல்கிறார்கள். எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு 1980-ஐ ஒட்டி ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. ஆய்வாளர்கள் தங்கள் இடத்திலிருந்தே வேலையை அனுப்பினார்கள். பிரிண்டர் வேறு இடத்தில் இருந்தது. தாள் மாட்டிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. போய்ப் பார்க்கும்போது வேலைகளெல்லாம் வரிசையில் அப்படியே நின்றுகொண்டிருக்கும். அதற்கு முன்பிருந்த பிரிண்டருக்கு அந்த ஆய்வகத்தின் நிரலர் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்: தாள் மாட்டினால், காத்திருக்கும் எல்லோருக்கும் செய்தி போகும், யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்வார். புதிய பிரிண்டரின் மூலநிரல் கைக்குக் கிடைக்காததால் அதே ஏற்பாட்டைச் செய்ய முடியவில்லை. ஒப்பந்தத்தைக் காட்டி மூலநிரல் மறுக்கப்பட்ட அந்த அனுபவம், 1983-இல் அவர் க்னூ திட்டத்தை அறிவிப்பதற்கு வழிவகுத்த காரணங்களில் ஒன்று. கட்டற்ற மென்பொருளின் பிறப்புக் கதையாக இது சொல்லப்படுகிறது, அது சரியே. அச்சுத் தொழிலின் பக்கமிருந்து படித்தால் இதில் வேறொரு உண்மையும் தெரிகிறது. உலகத்தின் மிகக் கூர்மையான நிரலர்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில், பிரிண்டர் சொல்வதைக் கேட்க ஆள் இல்லாததால் வேலை நின்றது. ஸ்டால்மன் எழுத விரும்பிய நிரல், ஆபரேட்டருடைய கண்ணுக்கும் காலுக்கும் ஒரு மாற்று. கன்சோல் முன் இருந்தவர் சும்மா இருந்தவரல்லர் என்பதற்கு, அவர் இல்லாத அறையே சாட்சி.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. படிவத்தையும் வேலைக் கோப்பையும் எழுதியவர் பெரும்பாலும் நிரலர். ஆபரேட்டர் அதை ஓட்டினார், அவ்வளவே. அச்சுத் திறன் என்று ஒன்று இருந்தால் அது நிரலருக்குச் சேர வேண்டியது என்பது அந்த மறுப்பு. பல அறைகளில் வேலை அப்படிப் பிரிந்திருந்தது உண்மை. சிறிய இடங்களில் ஆபரேட்டரே படிவத்தையும் திருத்தினார் என்றாலும், அதைப் பொதுவிதியாகச் சொல்ல நான் முனையவில்லை. ஆனால் அச்சகத்தில் என்றைக்கு ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தார்? அச்சுக்கோப்பவர் ஒருவர், மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர், ஃபாரத்தைப் பூட்டி மை சரிபார்த்து இயந்திரத்தை ஓட்டுபவர் ஒருவர். மெஷின்மேன் எழுத்துக் கோக்கவில்லை என்பதால் அவரை அச்சுத் தொழிலாளி இல்லை என்று யாரும் சொன்னதில்லை. அழுத்தம் கூடினால் எழுத்து தேயும், குறைந்தால் வெளிறும் என்று அவர் கைக்குத் தெரிந்ததைப்போல, எந்தத் தாள் ஈரம் இழுத்துச் சுருளும், கட்டைப் பிரித்துத் தட்டில் வைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும், எந்தத் தாள் சூட்டு உருளையில் வளைந்து மாட்டும் என்று ஆபரேட்டருக்குத் தெரிந்திருந்தது. புரோகிராமர் இடத்தில் அச்சுக்கோப்பவரையும் ஆபரேட்டர் இடத்தில் மெஷின்மேனையும் வைத்துப் பாருங்கள். பழைய வேலைப் பிரிவு மாறாமல் நிற்கிறது.

மூன்றாவது மறுப்பு காலத்தைப் பற்றியது. 1984-இல் எச்.பி. லேசர்ஜெட் வந்தது, 1985-இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி தெரிந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் வந்தது, பார்க்கை விட்டு வெளியேறிய ஜான் வார்னாக்கும் சார்ல்ஸ் கெஷ்கேயும் 1982-இல் தொடங்கிய அடோபி, பக்கத்தை விவரிக்கும் மொழியை யார் வீட்டுப் பிரிண்டருக்கும் கொண்டுவந்தது, அதோடு பெரிய இயந்திரமும் அதன் ஆபரேட்டரும் வரலாற்றின் ஓரத்துக்குப் போய்விட்டார்கள் என்பார்கள். தமிழுக்கு இந்தச் சிறிய பிரிண்டர்கள் செய்த உதவி பெரிது. ஒரே அகலமுள்ள 48 வடிவங்களுக்குள் தமிழ் அடங்காது. புள்ளிகளால் எழுதும் லேசருக்கோ எல்லா மொழி எழுத்தும் ஒன்றே. நம் ஊர் அச்சகங்களில் ஈயம் போனதற்கு மேசைமேல் வந்த அந்தச் சிறிய இயந்திரம் முக்கியக் காரணம். அதை மறுக்கவில்லை. ஆனால் நிமிடத்துக்கு எட்டுப் பக்கம் தரும் இயந்திரத்தால் ஒரு மாநகரத்தின் மின்கட்டணப் பட்டியலை அடிக்க முடியாது. பெரிய இயந்திரம் மறையவில்லை, அதற்கும் கணினிக்கும் இடையிலான பேச்சுதான் வளர்ந்தது. 1980-களில் ஐ.பி.எம். வகுத்த ஐ.பி.டி.எஸ். முறையில், அச்சான பக்கங்களுக்குப் பிரிண்டர் கணினிக்கு ஒப்புகை அனுப்பியது. தடை வந்தால் எங்கிருந்து தொடர்வது என்று இரு பக்கமும் பேசித் தீர்த்துக்கொண்டன. ஆபரேட்டர் தலையில் வைத்திருந்த கணக்கின் ஒரு பகுதியே அப்படி விதியாக எழுதப்பட்டது.

1990 அக்டோபரில் ஜெராக்ஸ் அறிமுகப்படுத்திய டாக்குடெக் இதன் அடுத்த படி. நிமிடத்துக்கு 135 பக்கம், அங்குலத்துக்கு 600 புள்ளி. மூலப்பிரதியை வருடி உள்ளே வாங்கிக்கொள்ளும். ஒரு வேலை அச்சாகும்போதே அடுத்ததை வருடிக்கொண்டிருக்கலாம். பார்க்கில் வளர்ந்து 1981-இல் ஸ்டார் கணினியாக வெளிவந்த படக்குறி இடைமுகத்தின் வழித்தோன்றல் இதன் திரையில் இருந்தது. கட்டளையைத் தட்டியவர் இப்போது வேலைச்சீட்டைத் திரையில் திறந்தார். தாள், பிரதி எண்ணிக்கை, தையல், அட்டை என்று தேர்ந்தெடுத்தார். வரிசையில் எது முன்னே, எது பின்னே என்று நகர்த்தினார். வேலைச்சீட்டு என்ற சொல்லே அச்சகத்திலிருந்து வந்தது. ஆர்டர் வாங்கியதும் ஒரு தாளில் அளவும் எண்ணிக்கையும் தேதியும் எழுதிப் பணிமேசையில் குத்திவைப்பார்களே, அதுதான். கணினி அறையில் வளர்ந்த தொழில் இந்த இயந்திரத்தோடு அச்சகத்துக்கே திரும்பி வந்தது. இன்று டிஜிட்டல் அச்சகத்தில் திரையின் முன் உட்கார்ந்து கோப்பைத் திறந்து, ஃபாண்ட் விடுபட்டதா என்று பார்த்து, ஒரு பிரதி எடுத்துச் சரிபார்த்து, பிறகு ஆயிரம் பிரதிக்குக் கட்டளையிடுகிறவர், 9700-இன் முன் நின்றவருடைய நேர் வாரிசு.

மறுப்பவர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தில் இழப்பும் இருந்தது. பல பேர் செய்த வேலை சிலர் கைக்குச் சுருங்கியது. கட்டம் அச்சடித்துக் கொடுத்துப் பிழைத்த படிவ அச்சகங்கள் வேலை இழந்தன. புதிய அறையில் கற்றதெல்லாம் ஒரு நிறுவனத்தின் ஓர் இயந்திரத்துக்கு உரியதாக இருந்ததால், இயந்திரம் போனபோது அறிவும் விலை இழந்தது. ஈயத்தில் கற்ற அச்சுக்கோப்பவர் எந்த ஊர் அச்சகத்திலும் வேலை கேட்கலாம், எஃப்.டி.எல். கற்றவர் அந்த இயந்திரம் இருந்த இடத்தில் மட்டுமே கேட்க முடிந்தது. இந்த இழப்பும் என் வாதத்துக்கு எதிரானதல்ல. திறமையே இல்லாத வேலையென்றால் அதில் இழப்பதற்கு எதுவும் இருந்திருக்காது. தொழிலின் அறிவு ஒரு நிறுவனத்தின் கையேட்டுக்குள் பூட்டப்பட்டதால்தான் அது பொது நினைவில் ஏறாமல் போயிற்று. அச்சுக்கோப்பவர்களுக்குச் சங்கமும், பயிற்சி முறையும், தொழில் பேச்சும் இருந்தன. அவற்றின் வழியே அவர்கள் வரலாற்றில் ஏறினார்கள். ஆபரேட்டர்கள் இரவுப் பணியில் தனித்தனி அறைகளில் இருந்தார்கள். வரலாறு அவர்களை விட்டதற்கு அவர்கள் வேலையின் தன்மை காரணமில்லை. அந்தத் தனிமை காரணம்.

‘ஜெராக்ஸ்’ என்ற நிறுவனப் பெயரை நகலெடுப்பதற்கான சொல்லாகவே தமிழ் ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தப் பெயரில் வந்த பெரிய இயந்திரங்களை ஓட்டியவர்களின் தொழிலுக்கு நம்மிடம் இன்னும் ஒரு பதிவு இல்லை. அவர்கள் பயன்படுத்திய கையேடுகள், கன்சோல் பதிவுத்தாள்கள், கையால் எழுதிய பணிக்குறிப்புகள் பழைய காகிதமாக எடைக்குப் போகின்றன. எழுத்துப் பெட்டியையும் கைஅச்சு இயந்திரத்தையும் பாதுகாக்க வேண்டும் என்று சொல்கிற நாம், இவற்றுக்கும் ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும். கணினி அறைகளில் அந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். எந்தச் செய்தி வந்தால் என்ன செய்தார்கள், தாள் மாட்டியபோது எத்தனை பக்கம் பின்னால் போனார்கள், எதை நம்பினார்கள், எதைக் கையால் எண்ணினார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலம் இது. அந்தப் பதிவின் தலைப்பில் கணினி என்ற சொல் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே அச்சுத் தொழிலாளர் என்ற சொல்லும் இருக்க வேண்டும்.